பட்டன் தேயாமலே சாகும் டயர்

டிராவல் டிரெய்லர் (பிக்கப் டிரக்குக்கோ பெரிய காருக்கோ பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி, சொந்த எஞ்சின் கிடையாது) வாங்கப் போகிறவர்கள் கூரை ஒழுகுகிறதா, ஏசி குளிர்கிறதா, கேஸ் அடுப்பு எரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

2021இல் டெக்சாஸில் ஒரு பழைய டிரெய்லரை வாங்கினேன். டயர்களில் பட்டன் (தரையில் படும் ரப்பரில் உள்ள வெட்டுவரிகள்) ஆழமாக இருந்தது. புது டயரில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே சின்னச் சின்ன ரப்பர் நுனிகள், அவைகூட ஓரத்தில் அப்படியே நின்றன. அந்த ஜூலையில் ஃபோர்ட் ஸ்டாக்டனைத் தாண்டி ஐ-10 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இடப்பக்கப் பின் டயர் வெடித்தது. எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிய பிறகுதான் ஓரங்கட்டினேன். டயரின் மேல்பட்டை உரிந்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தகரத்தைக் கிழித்து, விளக்குக்குப் போகும் வயரையும் அறுத்திருந்தது. மிஞ்சிய ரப்பரின் உட்பக்கத்தில் 2213 என்று நான்கு எண்கள் தெரிந்தன. எட்டு வயது டயர்.

பட்டன் அவ்வளவு இருந்தும் ஏன் வெடித்தது? கார் டயர் ஓடி ஓடித் தேய்ந்து சாகும். டிரெய்லர் டயர் நின்று நின்று சாகும். வருஷத்துக்கு நாலைந்து பயணம் போவோம், மிச்ச நாளெல்லாம் வண்டி வெயிலில் நிற்கும். ரப்பர் மெல்ல இறுகிப் போகும். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள பிடிப்பு தளரும். பிறகு ஒருநாள் முழுச் சுமையோடு, கொதிக்கும் சாலையில், மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டுவோம். பிடிப்பு விட்டுவிடும். வெளியே பட்டன் புதிது போலவே இருக்கும். ஆகவே டிரெய்லர் டயரில் பட்டனைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதலில் வயதைப் பாருங்கள்.

வயதை எங்கே பார்ப்பது? டயரின் பக்கச் சுவரில் ‘டாட்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களே பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2213 என்றால் 2013ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். 2000க்குப் பிறகு வந்த டயர்களுக்கெல்லாம் இதுதான் கணக்கு. ஒரு சின்னச் சிக்கல், இந்த நான்கு எண்கள் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உட்புறமாக வைத்து மாட்டியிருந்தால் வெளியே நின்று தேடிப் பயனில்லை. வண்டிக்கு அடியில் செல்போனை நீட்டி, ஃபிளாஷ் போட்டு, ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

எத்தனை வயதில் மாற்ற வேண்டும்? மூன்று முதல் ஐந்து வருஷம் என்பது டிரெய்லர் டயருக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள். நான் ஐந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடுவதில்லை, அதற்குள் மாற்றிவிடுகிறேன். ‘இன்னும் நல்லாத்தானே இருக்கு’ என்று மனசு சொல்லும். நான்கு டயரின் விலையையும், ஒரு டயர் வெடித்துக் கிழித்த தகரம், வயர், தரைப்பலகை ஆகியவற்றைச் சரிசெய்யும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஸ்டெப்னிக்கும் (உபரி டயர்) இதே வயதுக் கணக்குதான். ஒரு மைல்கூட ஓடாவிட்டாலும், பின் பம்பரில் வெயில் காய்ந்துகொண்டு அதுவும் கிழடாகிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, கார் டயரையே இதற்குப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். டிரெய்லருக்கென்று தனி டயர் உண்டு. அளவு எழுதியிருக்கும் இடத்தில் முதலில் ‘எஸ்டி’ என்று இருக்கும். இதன் பக்கச் சுவர் கார் டயரைவிட விறைப்பானது. உயரமான, காற்றில் ஆடும் ஒரு பெட்டியைத் தாங்க வேண்டியிருப்பதால் அந்த விறைப்பு தேவை. கார் டயர் அந்த இடத்தில் தள்ளாடும்.

இனி காற்று. மேலே சொன்ன வயதுக்கு அடுத்த எமன் இதுதான். எவ்வளவு அடிப்பது? டிரெய்லரின் இடப்பக்கம் முன்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவு, காற்றழுத்தம், வண்டி தாங்கும் மொத்த எடை எல்லாம் அதில் இருக்கும். அழுத்தம் பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு) கணக்கில் போட்டிருப்பார்கள். ‘சி’ வகை டயருக்கு உச்சம் 50, ‘டி’ வகைக்கு 65, ‘இ’ வகைக்கு 80. இந்த எழுத்து டயர் தாங்கும் சுமையின் தரம். பெரும்பாலான டிரெய்லர்களில் ஸ்டிக்கர் சொல்லும் அழுத்தமும் டயர் மேல் அச்சடித்த உச்ச அழுத்தமும் ஒன்றாகவே இருக்கும். காரில் ‘கொஞ்சம் குறைச்சு வச்சா சொகுசா இருக்கும்’ என்பார்களே, அந்த யோசனையை இங்கே எடுத்து வராதீர்கள். டிரெய்லருக்குள் யாரும் உட்கார்ந்து வருவதில்லை. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிரும். அந்த மடிப்புதான் சூடு, சூடுதான் சாவு.

எப்போது அளப்பது? கிளம்பும் நாள் காலையில், வெயில் படுவதற்கு முன், வண்டி நகர்வதற்கு முன். ஓடிய டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் ஆற வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் இந்த டயர்களில் அழுத்தம் சுமார் ஒன்று முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை மாறும். ஆகவே ஆகஸ்டில் நிரப்பிய காற்று நவம்பர் குளிரில் தானாகக் குறைந்திருக்கும், ஓட்டை எதுவும் தேவையில்லை. அதேபோல ஓடும்போது அழுத்தம் பத்துப் பதினைந்து ஏறும். பயந்துபோய்ப் பெட்ரோல் பங்கில் காற்றைத் திறந்துவிடாதீர்கள். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள்.

காரில் காற்றுக் குறைந்தால் விளக்கு எரிகிறதே, இதில் எரியாதா? அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து கார்களுக்கு அந்த எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். டிரெய்லருக்குக் கட்டாயமில்லை. தனியாக வாங்கி ஒவ்வொரு வால்வின் மேலும் மூடி மாதிரி திருகிக்கொள்ளலாம், அளவுகள் உங்கள் டேஷ்போர்டில் வைக்கும் சின்னத் திரையில் தெரியும். என் டயர் செத்ததை லாரிக்காரர்தான் சொன்னார் என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் இருக்கும் வண்டியில் ஒன்று போனால் மற்றது சுமையை வாங்கிக்கொள்ளும். முன்னால் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு ஓர் ஆட்டமும் தெரியாது. ஆகவே இந்தக் கருவி ஆடம்பரம் இல்லை. வாங்கும்போது வால்வையும் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 அடிக்கும் டயருக்கு உலோக வால்வு வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தாலும், கருவியின் கனம் ரப்பர் வால்வை ஆட்டி ஆட்டி விரிசல் விட வைக்கும்.

அடுத்தது எடை. அதைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டுப் பயணங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். நம்முடையதில் ஏறுவது 20 பவுண்டு அரிசி மூட்டையும் வெட் கிரைண்டரும்.

ஒரு கணக்குப் போடுவோம். 7,500 பவுண்டு வரை தாங்கும் டிரெய்லர். அதில் சுமார் 900 பவுண்டு கொக்கி வழியாக டிரக்கின் மேல் இறங்கும். மிச்சம் 6,600 பவுண்டு நான்கு டயர் மேல், டயருக்கு 1,650. எஸ்டி 205/75 ஆர் 14 என்ற அளவில் ‘சி’ வகை டயர் ஒன்று 50 பிஎஸ்ஐ காற்றில் 1,760 பவுண்டு தாங்கும். ஆக, கையிருப்பு 110 பவுண்டு. எடை நான்கு டயரிலும் சமமாக விழுந்தால்தான் அதுவும். சமமாக விழாது. ஃபிரிட்ஜும் சமையல் மேடையும் ஒரே பக்கத்தில் இருக்கும். 40 காலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அது மட்டும் 330 பவுண்டுக்கு மேல். ஒரு மூலையில் 150 பவுண்டு கூடினாலே அந்த டயர் எல்லையைத் தாண்டிவிட்டது. வண்டியின் மொத்த எடை வரம்புக்குள்தான் இருக்கும், அந்த ஒரு டயர் மட்டும் ஒவ்வொரு மைலும் வதைபடும்.

இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருக்கிறது. நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கும். லாரிக்காரர்கள் மட்டும்தான் ஏறலாம் என்றில்லை. பயணத்துக்கு மூட்டை கட்டி முடித்த பிறகு, தண்ணீரும் நிரப்பி, ஒருதடவை ஏற்றிப் பாருங்கள். டிரக்கின் அச்சுகள் தனியாக, டிரெய்லரின் அச்சுகள் தனியாக என்று சீட்டு வரும். இடம், வலம் பிரித்து அது சொல்லாது. ஆகவே கிடைத்த எண், டயர்கள் தாங்கும் மொத்தத்தைவிட நன்றாகவே குறைவாக இருக்கட்டும். குறையவில்லை என்றால் தண்ணீரை முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது அடுத்த முறை ஒரு படி மேலான வகை டயர் வாங்குங்கள். ஆனால் உங்கள் இரும்பு வீல் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வீலின் பின்பக்கம் பொறித்திருக்கும்.

வேகம்? பழைய எஸ்டி டயர்களுக்கு வேக எழுத்து எதுவும் போட்டிருக்காது. அப்படியானால் மணிக்கு 65 மைலே உச்சம். இப்போது வருபவற்றில் ‘எல்’ என்றால் 75, ‘எம்’ என்றால் 81, ‘என்’ என்றால் 87. மேற்கு டெக்சாஸில் ஐ-10இன் போர்டு 80 என்று சொல்லும். போர்டு சாலைக்குச் சொல்கிறது, உங்கள் டயருக்குச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55தான், அது சட்டம். நான் எங்கே போனாலும் 62இல் வைத்துக்கொள்கிறேன். பின்னால் வருபவர்கள் திட்டுவார்கள், திட்டிக்கொள்ளட்டும்.

இப்போது நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்கு வருவோம். காருக்குச் செய்வதுபோல டிரெய்லருக்கும் டயர் ரொட்டேஷன் (டயர்களை ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக மாற்றிப் போடுவது) வேண்டுமா?

காரில் முன் சக்கரம் திரும்புகிறது, இழுக்கிறது, பிரேக்கின் பெரும்பங்கை வாங்குகிறது. அதனால் வேறுமாதிரி தேய்கிறது, மாற்றிப் போடுகிறோம். டிரெய்லர் சக்கரம் திரும்புவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. ஆனால் அடுத்தடுத்து இரண்டு அச்சு உள்ள வண்டி ஒரு முகாமுக்குள் குறுகலாகத் திரும்பும்போது கீழே குனிந்து பாருங்கள். முன் டயர் ஒரு பக்கமும் பின் டயர் எதிர்ப்பக்கமும் தரையில் இழுபட்டு, பக்கச் சுவர் வளைந்து, வீலை விட்டே பிதுங்கி வந்துவிடும் போலத் தெரியும். முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். இந்த இழுபறியும் எடை சமமாக விழாததும்தான் தேய்மானம் வேறுபடக் காரணங்கள். முதல் காரணத்துக்கு ஒரு மருந்து உண்டு, அகலமாகச் சுற்றித் திரும்புங்கள்.

ஆகவே மாற்றிப் போடலாமா என்றால், போடலாம். ஆனால் பட்டனைச் சமமாகத் தேய்ப்பதற்காக என்று நினைக்காதீர்கள். ஐந்து வருஷத்தில் குப்பைக்குப் போகப்போகிற டயரில் பட்டன் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்? வீலைக் கழற்றினால்தான் உள்பக்கத்தைப் பார்க்க முடியும். அதற்கு ஒரு சாக்குத்தான் ரொட்டேஷன். சக்கரத்தின் பேரிங்குக்கு (சக்கரம் உரசாமல் சுழல உதவும் எஃகு உருளைகள்) வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது வைக்கச் சொல்கிறார்கள். எப்படியும் வீல் கழலும் அந்த நாளிலேயே டயரையும் மாற்றிப் போட்டுவிடுங்கள். தனியாக மைல் கணக்கு வைக்க வேண்டியதில்லை.

எதை எங்கே போடுவது? அந்தந்தப் பக்கத்திலேயே முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் போடுவது எளிது. குறுக்காக மாற்றுவதும் உண்டு. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மட்டும் பக்கம் மாற்றாதீர்கள். ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்க்கலாம், அதே வயது, அதே அளவு, அதே வகை என்றால். சில வண்டிகளில் ஓடும் வீல் அலுமினியமாகவும் ஸ்டெப்னி வீல் இரும்பாகவும் இருக்கும். நட்டு உட்காரும் விதம் மாறக்கூடும் என்பதால் அங்கே நான் அதைத் தொடுவதில்லை. ஒரே அச்சு உள்ள சின்ன டிரெய்லர் என்றால் மாற்ற இரண்டே இரண்டுதான் இருக்கின்றன. அதில் மாற்றுவதைவிடப் பார்ப்பதே முக்கியம்.

மாற்றுவதற்கு முன் தேய்மானத்தைப் படியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுவே தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் அச்சு வளைந்திருக்கலாம், சுமை கூடியிருக்கலாம். அங்கங்கே குழி குழியாக இருந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறதா, வீல் பேலன்ஸ் சரியா என்று பார்க்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் இடம் மாற்றினால் அடுத்த டயரும் அதேபோலத் தேயும், அவ்வளவுதான்.

வண்டியைத் தூக்கும்போது கவனம் தேவை. டிரக்கோடு மாட்டியபடியே, சமதரையில், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுத் தூக்குங்கள். (நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடலாம் என்றால் அது இங்கே மட்டும்தான்.) ஜாக்கியை அச்சுக் குழாயின் நடுவில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். அடிச்சட்டத்தில், சக்கரத்துக்கு அருகே, கையேடு காட்டும் இடத்தில் வையுங்கள். நான்கு மூலையிலும் இறக்கிவிடும் கால்கள் வண்டி ஆடாமல் நிற்பதற்கு மட்டும்தான். அவற்றைக் கொண்டு தூக்கக் கூடாது.

தூக்கிய பிறகு, கழற்றுவதற்கு முன், ஒரு சோதனை. பென்சில் ஒன்றைத் தரையில் ஒரு பெட்டி மேல் அழுத்திப் பிடித்து, நுனி டயரைத் தொடாமல் தொடும்படி வைத்துக்கொண்டு, சக்கரத்தை மெல்ல உருட்டுங்கள். இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் டயர் மேடேறிப் பென்சிலை இடித்தால் உள்ளே எஃகுப் பட்டை பிரிந்து வீங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் வேண்டாம். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், லொடலொட என்றால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். கழற்றியதும் உள்பக்கச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு, கீறல், புடைப்பு எல்லாம் கண்ணுக்கு முன் கைக்குத் தெரியும்.

திரும்ப மாட்டும்போது நட்டுகளை வரிசையாகச் சுற்றி முறுக்காமல், நட்சத்திரம் வரைவதுபோல எதிரெதிராக முறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம்? கை சொல்லும் கணக்கு போதாது. டார்க் ரென்ச் (எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரை அங்குல போல்ட் உள்ள வண்டிகளுக்கு வழக்கமான அளவு 90 முதல் 120 அடி-பவுண்டு. ஒரே மூச்சில் போகாமல் 20, 50, பிறகு முழு அளவு என்று மூன்று படியாகப் போங்கள். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. போல்டில் எண்ணெய் விடாதீர்கள். அதோடு வேலை முடியவில்லை. 10 மைல், 25 மைல், 50 மைல் ஓடியதும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். சோம்பலாக இருக்கும். முதல் நிறுத்தத்தில் ஒரு நட்டாவது கால் சுற்று திரும்புவதைப் பார்த்துவிட்டால் அந்தச் சோம்பல் போய்விடும்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது? காற்றை முழு அளவுக்கு நிரப்புங்கள். டயருக்கு வெள்ளை உறை போடுங்கள். அடியில் பலகை கொடுத்து நிறுத்துங்கள், டயரின் முழு அகலமும் பலகை மேல் இருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் போதும், பெட்ரோலியம் கலந்த பளபளப்புத் திரவங்கள் ரப்பருக்கு நல்லதில்லை. இடையில் எப்போதாவது ஒரு சின்னச் சுற்று ஓட்டுங்கள். டயர் மடிந்து ஓடினால்தான் வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு மேலே வரும்.

இவ்வளவும் செய்தும் வெடித்துவிட்டால்? பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, நேராகவே போய், வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரங்கட்டுங்கள். முதலில் கேஸ் குழாய் அறுந்திருக்கிறதா, வாடை வருகிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி போட்டுக் கிளம்பினாலும் அதே பக்கத்தில் பக்கத்து டயரை நம்ப வேண்டாம். செத்தவனின் சுமையையும் சேர்த்துச் சுமந்தவன் அவன். அடுத்த ஊரில் கழற்றிக் காட்டிவிடுங்கள். நான் காட்டினேன், உட்பக்கம் புடைத்திருந்தது.

புது டயர் வாங்கும்போது நான்கையும் சேர்த்து வாங்குங்கள், முடிந்தால் ஐந்து. கடையின் கிடங்கிலேயே இரண்டு வருஷம் தூங்கிய டயர் உங்களிடம் வரும்போது புதிதாகவே தெரியும். வீலில் ஏற்றுவதற்கு முன்னாலேயே அந்த நான்கு எண்களைக் காட்டச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டவும் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.